நீலகிரி வீடுகளில் வெந்நீர்க் குழாய் அமைக்கும் முறை

மேட்டுப்பாளையத்திலும் கோவையிலும் வேலை பழகிய பிளம்பர் ஒருவர் மலையேறி வந்து ஊட்டியில் ஒரு வீட்டுக்குக் குழாய் பதித்தால், ஐப்பசி வரைக்கும் எல்லாம் ஒழுங்காகவே ஓடும். மார்கழி பிறந்த பிறகுதான் குறைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். வாளி நிறைவதற்குள் வெந்நீர் தீர்ந்துபோகும், வெளிச்சுவரில் போன குழாய் விடியற்காலையில் விரிசல் விடும், வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வரும் மிக்ஸர் குழாயைத் திறந்தால் தண்ணீர் ஒரு நிமிடம் சுடும், மறு நிமிடம் சில்லிடும். பொருளின் தரத்தைக் குறைசொல்வதற்கு முன், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊருக்குச் சமவெளிக் கணக்கைப் போட்டுவிட்டோமா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கிறது.

கணக்கை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஜனவரி காலையில் மேல்தொட்டித் தண்ணீர் 12 டிகிரி என்றும், கோவையில் அதே நேரம் 28 டிகிரி என்றும் வைத்துக்கொள்வோம். 25 லிட்டர் ஜீசரில் 2 கிலோவாட் காயில் (சூடாக்கும் கம்பிச்சுருள்) இருந்தால், 28 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர 28 நிமிடம் போதும். 12 டிகிரித் தண்ணீருக்கு 42 நிமிடம் ஆகும். இழப்பு அதோடு முடிவதில்லை. 60 டிகிரி வெந்நீரோடு பச்சைத் தண்ணீரைக் கலந்து 40 டிகிரியில் குளிக்கிறோம் என்றால், கோவையில் அந்த 25 லிட்டர் ஏறக்குறைய 67 லிட்டர் குளியல் நீராகப் பெருகும், ஊட்டியில் 43 லிட்டரோடு நின்றுவிடும். சமவெளியில் 15 லிட்டர் ஜீசர் போதும் என்று இருக்கும் குடும்பத்துக்கு இங்கே 25 லிட்டர் வாங்கச் சொல்வது வியாபாரப் பேச்சு அல்ல. தண்ணீரைத் தேக்கி வைக்காமல் ஓடும்போதே சூடாக்கும் 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஜீசரைக் குளியலறைக்கு நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. 12 டிகிரித் தண்ணீரை 40 டிகிரிக்கு உயர்த்த வேண்டுமானால் அதனால் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்தான் தர முடியும், அந்த நூல்தாரையில் யாரும் நிம்மதியாகக் குளிக்க இயலாது. சமையலறைத் தொட்டியில் பாத்திரம் கழுவுவதற்கு மட்டும் அது பயன்படும்.

இவ்வளவு பாடுபட்டுச் சூடாக்கிய தண்ணீர் குழாயில் தேங்கி ஆறிப்போவதைத் தடுப்பதே இந்த மலையில் பிளம்பரின் முதல் வேலை. இதை வீட்டுப் படம் போடும்போதே கொத்தனாரிடமும் வீட்டுக்காரரிடமும் பேசிவிட வேண்டும். சமையலறையும் குளியலறையும் ஒரே உட்சுவரின் இரு பக்கங்களில் அமைந்தால் குழாயின் நீளம் பாதியாகக் குறையும். 'பெரிய பைப் போட்டால் நல்ல ஃபோர்ஸ் வரும்' என்று வெந்நீருக்கும் முக்கால் இஞ்சுக் குழாயையே கடைசி வரை இழுப்பது பரவலான பழக்கம். முக்கால் இஞ்சு சி.பி.வி.சி. (வெந்நீரைத் தாங்கும் பிளாஸ்டிக்) குழாயில் மீட்டருக்குக் கால் லிட்டருக்குச் சற்று அதிகமாகவும், அரை இஞ்சில் அதில் பாதிக்கும் குறைவாகவும் தண்ணீர் நிற்கும். ஜீசருக்கும் ஷவருக்கும் இடையே 12 மீட்டர் என்றால், ஒவ்வொரு முறையும் முக்கால் இஞ்சில் 3 லிட்டர் ஆறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சூடு கைக்கு வரும். ஆகவே தொட்டியிலிருந்து ஜீசர் வரைக்கும் முக்கால் இஞ்சு வரட்டும், ஜீசரிலிருந்து ஒவ்வொரு வெந்நீர்க் குழாய்க்கும் அரை இஞ்சு நேராகப் போகட்டும். தொட்டி நல்ல உயரத்தில் இருந்தால் அந்த ஓட்டம் தாராளமாகப் போதும். தொட்டி தாழ்வாக இருந்து ஷவரும் வேண்டுமென்றால் மட்டும் முக்கால் இஞ்சுக்குச் சம்மதிக்கலாம்.

குழாய்க்குப் போர்வை கட்டாயம் வேண்டும். கறுப்பு நிற ரப்பர் ஃபோம் உறையில் 9 மில்லிமீட்டர் தடிமன் உட்சுவருக்குப் போதும், வெளியே 13 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. சாக்கைச் சுற்றிக் கயிற்றால் கட்டும் பழைய வழக்கம் வறண்ட குளிருக்குச் சரிப்படும். நம் மலையில் ஆறு மாதம் மூடுபனியும் சாரலுமாக இருப்பதால் சாக்கு நனைந்து, ஈரத்துணியைப் போர்த்தியது போலக் குழாயின் சூட்டை உறிஞ்சிவிடும். ஃபோம் உறையை வெயில் பொடியாக்கிவிடும் என்பதால் அதன் மேல் அலுமினியம் டேப் சுற்ற வேண்டும், அல்லது உறையோடு சேர்த்து இரண்டரை இஞ்சு பி.வி.சி. குழாய்க்குள் நுழைத்துவிட வேண்டும்.

உறைபனி எங்கே விழுகிறது என்று பார்த்துக் குழாயை வைத்தல்

கார்த்திகையில் நீர்ப்பனியும், பிறகு மாசி வரை உறைபனியும் விழும் ஊர் இது. உறைபனி எல்லா இடத்திலும் ஒன்றுபோல விழாது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரையும் குழாயும் தங்கள் சூட்டைத் திறந்த வானத்துக்கு இழந்துவிடுகின்றன. குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் வந்து தேங்குகிறது. ஊட்டியை அடுத்த தலைகுந்தாவிலும் ஊட்டியின் பழைய குதிரைப் பந்தய மைதானத்திலும் புல் வெள்ளையாகக் கிடக்கும் அதே காலையில், சரிவின் நடுவே உள்ள வீட்டில் ஒன்றும் இல்லாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். இதிலிருந்து பிளம்பருக்கு இரண்டு வழிகள் கிடைக்கின்றன. வானம் பார்க்கும் குழாயைக் கூரையின் இறவாரத்துக்கு அடியில் நகர்த்தினாலே பாதி ஆபத்து நீங்கும். வீட்டு எல்லையில் மிகத் தாழ்ந்த மூலையில் மீட்டரையோ வால்வையோ வைக்கக் கூடாது, வேறு வழியில்லை என்றால் செங்கல் பெட்டி கட்டி மூடி போட வேண்டும்.

இங்கே மண் ஆழமாக உறைவதில்லை. ஆகவே ஓர் அடி ஆழத்தில் புதைத்த குழாய்க்குப் பனியால் தீங்கு இல்லை. காட்டெருமை மிதித்தும் குரங்கு இழுத்தும் குழாய் போகும் ஊரில் புதைப்பதற்கு வேறு காரணமும் தேவையில்லை. புதைக்க முடியாத பாறைப் பகுதியில் குழாயின் தாழ்வான புள்ளியில் ஒரு வடிகால் வால்வும், தொட்டிக்கு அருகில் ஓர் அடைப்பு வால்வும் வைத்துவிட்டால், வானம் தெளிந்த இரவில் மேலே அடைத்துக் கீழே திறந்து குழாயைக் காலியாக விடலாம். மேல் முனையில் ஒரு குழாயைத் திறந்து காற்றுக்கு வழி விடாவிட்டால் தண்ணீர் முழுதும் வடியாது. பலர் இதை மறந்துவிட்டு, வடிகால் வைத்தும் விரிந்துவிட்டதே என்று வருந்துகிறார்கள். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு பெருகும். அதற்கு இடம் இருந்தால் குழாய் பிழைக்கும், நிறைந்து நின்றால் பிழைக்காது.

சரிவைப் பயன்படுத்திக்கொள்ளுதல்

10 மீட்டர் உயரத்துக்கு (சதுர சென்டிமீட்டருக்கு) ஒரு கிலோ பிரஷர் என்பது எல்லா பிளம்பருக்கும் தெரிந்ததுதான். தகரக் கூரை வீடுகளில் கூரைமேல் தொட்டி வைக்க இடம் இருக்காது, மச்சில் வைத்தால் ஷவருக்கு ஒன்றரை மீட்டர் உயரம்கூடக் கிடைக்காது. வீட்டுக்குப் பின்னால் மேட்டில் நான்கு மீட்டர் ஏறி ஒரு மேடை கட்டித் தொட்டியை வைத்தால், பிரஷர் பம்ப் வாங்கும் செலவே இல்லை. ஆனால் அந்தத் தொட்டி நிறைந்து வழியும் தண்ணீரை மண்ணில் விடவே கூடாது. வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்சுவரில் நீர் ஊறினால் என்ன நேரும் என்பதை 2009 நவம்பர் மண்சரிவுகளில் இந்த மாவட்டம் கண்டது. வழிவுக் குழாயைக் கடைசி வரை இழுத்துக் கல்கட்டிய வடிகாலில் சேர்ப்பது குழாய் வேலையின் ஒரு பகுதி, அதைத் தனிச் செலவாகக் கருதி விட்டுவிடக் கூடாது.

மேலே ஊற்றிலிருந்து கறுப்பு ஹோஸில் தண்ணீர் கொண்டுவரும் தோட்ட வீடுகளில் சிக்கல் இதற்கு நேர்மாறானது. 60 மீட்டர் இறக்கம் என்றால் அடியில் ஆறு கிலோ அழுத்தம் நிற்கும். நான்கு கிலோ அழுத்தத்துக்கான ஹோஸ் அதைத் தாங்காது, வீட்டு வால்வுகளும் ஜீசரும் அதற்கு ஆளாகக் கூடாது. நடு வழியில் ஒரு சிறு தொட்டியை ஃப்ளோட் (மிதவை) வால்வோடு வைத்து அழுத்தத்தை உடைத்துவிட வேண்டும். ஹோஸ் எங்கும் மேடேறி இறங்காமல் ஒரே போக்கில் சரிய வேண்டும். பாறையைச் சுற்ற முடியாமல் மேடு ஏறியே ஆக வேண்டுமென்றால், அந்த உச்சியில் காற்று வெளியேறும் வால்வு ஒன்றை வையுங்கள். தண்ணீர் மேலே நிறைந்திருந்தும் கீழே சொட்டுவதற்குப் பெரும்பாலும் அந்த மேட்டில் அடைபட்ட காற்றே காரணம்.

மிக்ஸர் குழாயில் சூடும் குளிரும் மாறிமாறி வருவதற்குத் தீர்வு எளிது. ஜீசருக்கு மேல்தொட்டித் தண்ணீரும் பச்சைத் தண்ணீர்ப் பக்கத்துக்கு நேரடி ஊற்று அல்லது நகராட்சி இணைப்பும் கொடுத்திருந்தால், வலுத்த பக்கம் மற்றதைத் தள்ளிவிடும். இரண்டும் ஒரே தொட்டியிலிருந்து, தனித்தனித் துவாரம் வழியாக வர வேண்டும். அப்படிச் செய்தால் இரு பக்க அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்.

ஜீசரும் சூரியக் கலனும்

25 லிட்டர் தண்ணீர் 12 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏறும்போது ஏறக்குறைய 400 மில்லிலிட்டர் பெருகும். அந்தப் பெருக்கம் உள்வரும் குழாய் வழியாகத் தொட்டிக்குத் திரும்பலாம், அல்லது பிரஷர் வால்வு வழியாகச் சொட்டலாம். உள்வரும் குழாயில் 'நான்-ரிட்டர்ன்' வால்வு (தண்ணீரைத் திரும்ப விடாத ஒருவழி வால்வு) போட்டுவிட்டு, சொட்டும் பிரஷர் வால்வை 'லீக்' என்று எண்ணி எண்ட் கேப் (மூடி) போட்டு அடைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி அடைத்த ஜீசர் உயிருக்கே ஆபத்தானது. அந்தச் சொட்டை ஒரு சிறு குழாயில் தரைவடிகாலுக்குக் கொண்டுபோய்விட்டால் போதும். ஜீசரின் வெந்நீர் வாயில் பிளாஸ்டிக் குழாயை நேராகப் பொருத்தாமல், குறைந்தது அரை அடி உலோக நிப்பிள் (இரு முனையிலும் மரை உள்ள குழாய்த்துண்டு) அல்லது எஃகுப் பின்னல் குழாய் வைத்து, அதன் பிறகே சி.பி.வி.சி.யைத் தொடங்க வேண்டும். பச்சைத் தண்ணீருக்கான யு.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாயை வெந்நீருக்கு எந்த இடத்திலும் பயன்படுத்தக் கூடாது. மின் இணைப்பில் எர்த்தும் 30 மில்லிஆம்பியர் கசிவுத் தடுப்பானும் இல்லாத வீட்டில் ஜீசர் மாட்ட ஒப்புக்கொள்ள வேண்டாம்.

சூரியக் கலன் தெற்கு நோக்கி, 20 முதல் 25 டிகிரி சாய்வில் இருந்தால் குளிர்காலத்துத் தாழ்ந்த வெயிலை நன்றாக வாங்கும். செப்புக் குழாய் உள்ள தட்டையான வகையை உறைபனி விழும் இடத்தில் வைத்தால் இரவில் தட்டு விரிந்துவிடும். அங்கே உறையாத திரவம் சுற்றும் வகையையோ, கண்ணாடிக் குழல் வகையையோதான் தேர்ந்தெடுக்க வேண்டும். குழல் வகையிலும் ஏறி இறங்கும் குழாய்களைப் போர்த்தியே ஆக வேண்டும். கலனின் காற்றுக் குழாய், குளிர்நீர்த் தொட்டியின் நீர்மட்டத்தைவிட ஓர் அடியாவது உயர்ந்து திறந்தே நிற்க வேண்டும். சூடான நீர் எடை குறைந்து குழாயில் உயர்ந்து நிற்கும் என்பதும், இந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதும் அதற்குக் காரணங்கள். ஊட்டி, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவத்திலும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவத்திலும் வெயில் நாள்கணக்கில் மறைவதால், சூரியக் கலனில் மின் காயிலும் சேர்த்தே வாங்குவது நல்லது.

கேஸ் ஜீசரைக் குளியலறைக்குள் மாட்டச் சொல்லும் வாடிக்கையாளரிடம் நான் மறுத்துவிடுவேன். குளிருக்காக ஜன்னலையும் கதவையும் இறுக்கி அடைக்கும் ஊரில், காற்றின் அழுத்தமும் சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகம் மட்டுமே இருக்கும் உயரத்தில், எரிவதற்குப் போதிய பிராணவாயு இல்லாமல் கார்பன் மோனாக்சைடு பெருகிவிடும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கலனை வெளிச்சுவரில், கூரைக்கு அடியில் வைத்துக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். மூடிய அறையில் கரியடுப்பு வைத்துத் தூங்குவதும் இதே காரணத்தால் கூடாது. விறகு பாய்லர் வைத்திருப்பவர்கள் சீகை (வாட்டில்) மரமோ கற்பூர (யூகலிப்டஸ்) மரமோ எதுவானாலும் ஒரு வருடம் காய்ந்த விறகையே எரிக்க வேண்டும். பச்சை விறகு புகைபோக்கியில் தார் போன்ற கசடைப் படியவிட்டுத் தீப்பிடிக்கச் செய்யும்.

ஒட்டும்போது

சி.பி.வி.சி. ஒட்டுவதற்குக் குளிரும் ஈரமும் பகை. மூடுபனி நாளில் குழாயின் முனையில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, வெட்டிய விளிம்பின் பிசிறை நீக்கி, சொல்யூஷனை (ஒட்டுப் பசையை) இரு பக்கமும் பூசி, கால் சுற்று திருப்பிச் செருகி, முப்பது எண்ணும்வரை அசையாமல் பிடியுங்கள். டப்பாவில் சொல்யூஷன் கூழாக இழுபட்டால் அதை வீசிவிடுங்கள், தின்னர் ஊற்றிக் கரைக்க வேண்டாம். கோவையில் சில மணி நேரத்தில் தண்ணீர் விடலாம் என்றால், இங்கே ஒரு முழு நாள் பொறுங்கள். பிறகு வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு கைப்பம்பில் ஏற்றி ஒரு மணி நேரம் பார்த்த பின்தான் சுவரைப் பூச வேண்டும். 10 மீட்டர் நேர்க்குழாய் 12 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது சுமார் 3 சென்டிமீட்டர் நீளும். சமவெளியில் 2 சென்டிமீட்டர்தான். ஆகவே கிளாம்பை இறுக்காமல் வழுக்கும்படி விட்டு, நீண்ட ஓட்டத்தின் நடுவே நான்கு எல்போவால் (முழங்கை போல வளைந்த இணைப்பால்) ஒரு வளைவு கொடுக்க வேண்டும். மரை உள்ள இடங்களில் பித்தளை மரை கொண்ட அடாப்டரையே வாங்குங்கள், பிளாஸ்டிக் மரையை ஸ்பானரால் இறுக்கினால் அன்றில்லாவிட்டாலும் அடுத்த குளிரில் கீறிவிடும்.

குழாய் உறைந்த காலையில்

எவ்வளவு பார்த்துச் செய்தாலும் ஏதாவது ஒரு ஜனவரியில் குழாய் அடைத்துக்கொள்ளலாம். அப்போது முதலில் ஜீசரின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். இரு வாயும் உறைந்திருந்தால் பெருகும் தண்ணீருக்குப் போக்கிடம் இருக்காது. அடுத்து, உறைந்த பகுதிக்குப் பின்னால் உள்ள குழாயைத் திறந்து வைத்துவிட்டு, அந்த முனையிலிருந்தே தொடங்கி, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைச் சுற்றிச் சுற்றித் தொட்டியை நோக்கி நகர வேண்டும். நடுவில் தொடங்கினால் உருகிய நீர் இரு பக்கப் பனிக்கட்டிக்கு இடையே சிக்கி அழுத்தும். கொதிநீரை ஊற்றவோ புளோ லேம்ப்பின் தீச்சுடரைக் காட்டவோ கூடாது. தண்ணீர் வரத் தொடங்கியதும் குழாய் முழுவதையும் உலர்ந்த துணியால் துடைத்து, ஒவ்வோர் எல்போவையும் விரலால் தடவிப் பாருங்கள். கீறல் இருந்தால் ஈரம் அங்கே திரும்பவும் துளிர்க்கும். அந்தத் துண்டை வெட்டி மாற்றிய பிறகே ஜீசரைப் போட அனுமதியுங்கள்.