குடியை நிறுத்த ஏ.ஏ. கூட்டம் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியிலிருந்து மீள நினைப்பவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. "ஏ.ஏ. மீட்டிங் எங்கே நடக்கிறது?" என்று போன் போட்டு விசாரிப்பது பல வீடுகளில் மனைவிதான், இல்லையென்றால் அண்ணன், மைத்துனர். குடிப்பவர் உள்ளே படுத்திருப்பார். முதல் தவறு இதுதான். நம்பரைத் தேடிக் கொடுப்பதோடு குடும்பம் நின்றுகொள்ளலாம். பேச வேண்டியவர் குடிப்பவர். எதிர்முனையில் எடுப்பவரும் குடித்து மீண்டவராகத்தான் இருப்பார். "நேத்து ராத்திரியும் குடிச்சுட்டேன் சார்" என்றால் அவரிடமிருந்து உபதேசம் வராது. "சாப்பிட்டீங்களா? எந்த ஏரியா?" என்று கேட்பார். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் உட்கார்ந்து பேசியதில்தான் ஏ.ஏ. பிறந்தது. இன்றும் அதன் வேலை அவ்வளவுதான்.

குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்று தனிக் கூட்டம் இருக்கிறது. குடிப்பவர் வர மறுத்தாலும் மனைவி அங்கே தனியாகப் போகலாம். இது பலருக்குத் தெரியாமலே போகிறது.

அடுத்தது உயிரோடு விளையாடும் தவறு. "குடித்துக்கொண்டே எப்படிப் போவது? நிறுத்திவிட்டுப் போகலாம்" என்று வீட்டிலேயே சட்டென்று நிறுத்துவது. ஏ.ஏ.வில் சேர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. அன்று குடித்திருந்தாலும் போய் அமைதியாக உட்கார்ந்து கேட்கலாம். ஆனால் வருடக்கணக்கில் தினமும் அதிகமாகக் குடித்த உடம்பு திடீர் நிறுத்தத்தைத் தாங்காது. சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத ஆளோடு பேசுவார், மேலே பூச்சி ஊர்கிறது என்று தட்டிவிடுவார். "பேய் பிடிச்சிருக்கு" என்று மந்திரிக்க அழைத்துப் போகாதீர்கள், 108-ஐ அழையுங்கள். காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் நடுக்கம் அடங்கும் என்ற நிலையில் இருப்பவர், நிறுத்துவதற்கு முன்பே ஜி.ஹெச். மனநலப் பிரிவிலோ போதை மறுவாழ்வு மருத்துவமனையிலோ காட்டியாக வேண்டும். நடுக்கத்துக்கு மாத்திரை, தையமின் (வைட்டமின் பி1) ஊசி எல்லாம் அங்கேதான். கூட்டத்தில் டாக்டர் கிடையாது.

இதன் மறுபக்கமும் உண்டு. கூட்டத்தில் யாராவது, "மாத்திரை எல்லாம் எதுக்கு? அதுவும் போதைதான்" என்பார். காதில் வாங்காதீர்கள். உறுப்பினர் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏ.ஏ.வின் வெளியீடே சொல்கிறது.

பணம் கேட்கிறார்களா? அப்படியானால் நீங்கள் வந்த இடம் வேறு. ஏ.ஏ.வில் நுழைவுக் கட்டணம் இல்லை, சந்தா இல்லை. கூட்டத்தில் ஒரு பையோ டப்பாவோ சுற்றி வரும். விருப்பப்பட்டால் பத்து ரூபாய் போடலாம், போடாமலும் விடலாம். வாடகையும் டீச்செலவும் அதிலிருந்துதான். தங்கி சிகிச்சை பெறும் மையங்கள் வேறு ரகம். சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை மருத்துவமனை போன்றவை டாக்டர்களையும் ஆலோசகர்களையும் வைத்து நடப்பவை. சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பிறகு, மாலை ஏழு மணிக்குக் கை அரிக்கும்போது தேவைப்படுவது கூட்டம்.

அதனால்தான் வீட்டுக்குப் பக்கத்தில் தேடச் சொல்கிறேன். தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று பயந்து ஊரின் மறுகோடியில் கூட்டம் பிடிப்பவர்கள் உண்டு. கூட்டத்தில் உங்களைப் பார்க்கப்போகிறவரும் அதே காரணத்துக்காகத்தானே வந்திருப்பார்! இரண்டு பஸ் மாறிப் போகும் வழியில் எத்தனை டாஸ்மாக் வரும் என்றும் யோசியுங்கள்.

பழைய பட்டியலை நம்பி நேரே கிளம்பிப் போவது சின்னத் தவறுதான். ஆனால் ஆளைத் திருப்பி அனுப்பிவிடும். கூட்டங்கள் பெரும்பாலும் பள்ளி வகுப்பறையிலோ தேவாலய வளாகத்திலோ நடக்கும், வாட்ச்மேனுக்கே தெரியாது. முந்தின நாள் போன் செய்து எந்த கேட், எந்த அறை, தமிழா ஆங்கிலமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்றும் கேளுங்கள். மூடிய கூட்டத்தில் குடிப்பிரச்சினை உள்ளவர்கள் மட்டுமே உட்காரலாம். துணைக்கு வந்த மனைவி வெளியே காத்திருக்க வேண்டியதுதான். தேவாலயம் என்றதும் மதம் மாற்றுவார்களோ என்று தயங்க வேண்டாம், அது இடவசதி மட்டுமே. இறைவன் பேச்சு வரும், ஆனால் அவரவர் நம்பிக்கைப்படி. அதுவும் ஒத்துவராதவர்களுக்கு ஸ்மார்ட் ரெக்கவரி போன்ற அமைப்புகள் ஆன்லைனில் கூட்டம் நடத்துகின்றன, பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆண்கள் நிறைந்த அறையில் பேசத் தயங்கும் பெண்களும் ஆன்லைனில் பெண்கள் கூட்டம் தேடலாம்.

ஒரே கூட்டத்தைப் பார்த்துவிட்டு "சரிப்படாது" என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு குழுவில் பெரியவர்கள் பழங்கதை பேசுவார்கள், இன்னொன்றில் உங்கள் வயதுப் பையன்கள் இருப்பார்கள். மூன்று நான்கு இடம் பார்க்கலாம். முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடவும் வேண்டாம். டீ குடிக்கும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் போன் நம்பர்கள் கைமாறும்.

ஏ.ஏ. நம்பரை யாரும் எடுக்கவில்லை என்றால் 14446, போதை மறுவாழ்வுக்கான தேசிய உதவி எண். மனம் தாங்காத இரவில் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.