வண்டிக்குள் இருக்கும் காவல் நாய்க்கு யார் பொறுப்பு?

மோப்ப நாய்ப் பிரிவுக்குப் புதிதாக வரும் காவலர்களிடம், வெயிலில் நிறுத்திய வண்டியில் நாயைப் பூட்டக் கூடாது என்று நான் தனியாகச் சொல்வதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்; தெரிந்தவர்களின் கையில்தான் நாய்கள் சாகின்றன. அவர்கள் செய்யும் தவறுகள் இவை.

"கொஞ்சம் பார்த்துக்கங்க" என்று ஒப்படைப்பது

ஒரு பந்தோபஸ்தில், மேடைச் சோதனையை முடித்த இளம் காவலர் ஒருவர், குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்த வண்டியின் பின்கூண்டில் லாப்ரடாரை ஏற்றிவிட்டு, ஓட்டுநரிடம் "அண்ணே, கொஞ்சம் பார்த்துக்கங்க" என்று சொல்லி அறிக்கை எழுதச் சென்றார். சற்று நேரத்தில் வண்டியை வேறிடத்துக்கு மாற்றுமாறு உத்தரவு வந்தது. மாற்றி நிறுத்திய ஓட்டுநர், காவலர் இதற்குள் நாயை இறக்கிச் சென்றிருப்பார் என்று எண்ணி, இயந்திரத்தை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். கூண்டைத் திறந்தபோது நாயின் ஈறுகள் கருஞ்சிவப்பாகியிருந்தன. கெட்டியான எச்சில் ஒழுக, கால் ஊன்ற முடியாமல் அது தள்ளாடியது. நாய் பிழைத்துக்கொண்டது. ஆனால் விசாரணையில் இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டியதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

விலங்கைப் பராமரிப்பிலோ பொறுப்பிலோ வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அதன் நலனைக் காக்கும் கடமை உண்டு என்று 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 3 சொல்கிறது. பிரிட்டனின் 2006ஆம் ஆண்டுச் சட்டமோ, தற்காலிகமாகப் பொறுப்பேற்றவரையும் சேர்த்துக்கொண்டு, உரிமையாளரின் பொறுப்பு எப்போதும் நீங்காது என்கிறது. 2009 கோடையில் அங்கே நாட்டிங்ஹாம்ஷயர் காவல் தலைமையகத்தில், காருக்குள் விடப்பட்ட இரண்டு நாய்கள் வெப்பத்தால் இறந்தன. அவற்றைக் கையாண்ட காவலரை நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்த்தது.

ஆகவே எங்கள் பயிற்சியில், ஒப்படைப்பவர் பெயரும் பெறுபவர் பெயரும் நேரமும் வண்டிப் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். "நாய் உள்ளே" என்ற அட்டை ஸ்டீயரிங்கில் தொங்க வேண்டும். நாயை இறக்கும் கைதான் அதைக் கழற்ற வேண்டும். பெறுபவர் "சரி, என் பொறுப்பு" என்று வாய்விட்டுச் சொல்லாதவரை, அது ஒப்படைப்பே ஆகாது.

கண்ணாடியைச் சற்று இறக்கி வைப்பது

பயனில்லை. 2005இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில், மூடிய காரின் வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் கூடியது. அந்த உயர்வில் 80 விழுக்காடு முதல் அரை மணி நேரத்திலேயே ஏற்பட்டது. கண்ணாடியை இறக்கியதால் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை.

குளிர்சாதனத்தை நம்பிப் போய்விடுவது

காற்றைக் குளிரவைக்கும் கம்ப்ரசர் நின்றாலும் விசிறி சுழலும். சத்தத்தை மட்டும் கேட்பவர் ஏமாறுவார். வெப்ப எச்சரிக்கைக் கருவி இருந்தால், பணிக்குக் கிளம்பும் முன் ஒவ்வொரு முறையும் அதை ஒலிக்கவிட்டுப் பாருங்கள்.

ஓடிக் களைத்த நாயை உடனே ஏற்றுவது

மூச்சிரைப்பு அடங்கட்டும்.

வெப்பம் தாக்கிய நாயை நனைக்காமல் மருத்துவமனைக்கு விரைவது

முதலில் தண்ணீர். உடல் முழுவதும் ஊற்றிக் காற்றுப்பட வையுங்கள். அதன் பிறகு வண்டியை எடுங்கள். நாய் எழுந்து நடந்தாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும், ஏனெனில் சிறுநீரகப் பாதிப்பு ஓரிரு நாள் கழித்தும் தலைகாட்டலாம்.