ராணி ஜோடியைக் கவிழ்ப்பது எப்படி? போக்கர் போட்டியின் கடைசிக் கட்டக் கணக்கு

கையில் இரண்டு ராணி. மேசையில் மிஞ்சியிருப்பவர்கள் நான்கு பேர். முதலில் பேச வேண்டியவர் தன் சிப் முழுவதையும் நடுவே தள்ளி ஆல்-இன் என்கிறார். அடுத்து நீங்கள். புதிதாக ஆடுகிறவருக்கு இங்கே யோசிக்கவே தோன்றாது. கை தானாகச் சிப்பை நோக்கிப் போகும். ரம்மியில் கை மோசமாக வந்தால் ஸ்கூட் விடத் தெரிந்த நமக்கு, நல்ல சீட்டைக் கவிழ்த்துவிட்டு அந்தக் கையிலிருந்து விலகுவது என்றால் மனம் ஒப்புவதில்லை. டெக்சாஸ் ஹோல்டெம் விதிகள் தெரிந்திருந்தால் போதும், மற்றதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

படி 1: சிப்பைப் பணமாக மாற்றிப் பாருங்கள்

10 பேர் ஆளுக்கு 100 டாலர் கட்டி ஆடும் ஒற்றை மேசைப் போட்டி என்று வைத்துக்கொள்வோம். முதல் பரிசு 500, அடுத்தது 300, மூன்றாவது 200. நான்காவதாக வெளியேறுபவர் வெறுங்கையோடு போக வேண்டியதுதான். இந்தக் கட்டத்துக்குப் பபிள் என்று பெயர். நால்வரிடமும் தலா 5,000 சிப் இருக்கிறது. எல்லாரும் சமம் என்பதால் ஒவ்வொருவர் சிப் அடுக்கின் மதிப்பும் 250 டாலர்.

இப்போது ஆல்-இன்னுக்குக் கால் சொல்லி, அதாவது ஈடாக உங்கள் சிப்பையும் வைத்து, ஜெயித்துவிட்டீர்கள். உங்களிடம் 10,000 சிப், மற்ற இருவரிடம் தலா 5,000. மொத்தச் சிப்பில் பாதி உங்களுடையது. ஆகவே முதலிடம் பிடிக்கும் வாய்ப்பு 50 சதவீதம். மீதிப் பாதி நேரம் வேறொருவர் முதலிடம் பிடிப்பார்; அவர் சிப்பை நீக்கினால் மிஞ்சும் 15,000இல் மூன்றில் இரண்டு பங்கு உங்களுடையது. ஆகவே இரண்டாமிடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சமாக மூன்றாமிடத்துக்கு ஆறில் ஒரு பங்கு. 500இல் பாதி 250, 300இல் மூன்றில் ஒரு பங்கு 100, 200இல் ஆறில் ஒரு பங்கு 33. கூட்டினால் 383 டாலர்.

சிப் இரண்டு மடங்கானது, பணமோ ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டியது. தோற்றால் போவது 250, ஜெயித்தால் கூடுவது 133. என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் மனப்பாடம் செய்ய வேண்டியது இந்த இரண்டு எண்களை மட்டும்தான்.

இந்தக் கணக்குமுறையை ஐசிஎம் (Independent Chip Model) என்று சுருக்கிச் சொல்வார்கள். இதன் வேர் சூதாட்ட மேசையில் இல்லை, குதிரைப் பந்தயத்தில் இருக்கிறது. எந்தக் குதிரை எந்த இடத்தில் வரும் என்று கணிக்க புள்ளியியலாளர் டேவிட் ஹார்வில் 1973இல் வெளியிட்ட சூத்திரத்தை, 1987இல் போக்கர் நூலாசிரியர் மேசன் மால்முத் போக்கருக்குக் கொண்டுவந்தார்.

படி 2: எல்லைக் கோட்டைக் கண்டுபிடியுங்கள்

250ஐ 383ஆல் வகுத்தால் சுமார் 65 சதவீதம் வரும். அதாவது 100 முறை கால் சொன்னால் 65 முறையாவது ஜெயிக்கக்கூடிய கை வேண்டும். சிப்பே பணமாக இருக்கும் சாதாரணப் பண ஆட்டத்தில் பாதிக்குச் சற்று மேலே இருந்தாலே போதும். (பிளைண்டாக, அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே வைக்க வேண்டிய கட்டாயப் பந்தயமாக, நடுவே கிடக்கும் சிப்பை நான் சேர்க்கவில்லை, சேர்த்தால் எல்லை ஓரிரு சதவீதம் இறங்கும்.)

படி 3: எதிராளி எந்தச் சீட்டுகளோடு தள்ளுவார் என்று எண்ணுங்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான். ராணி ஜோடிக்கென்று தனியாக ஒரு பலம் கிடையாது. எதிரே என்ன இருக்கக்கூடும் என்பதே அதன் பலத்தைத் தீர்மானிக்கிறது. எதிராளி கண்ணை மூடிக்கொண்டு எந்தச் சீட்டோடும் தள்ளுகிறவர் என்றால், ராணி ஜோடி ஏறக்குறைய 80 சதவீதம் ஜெயிக்கும். தயங்காமல் கால் சொல்லுங்கள்.

அவர் ஒரு மணி நேரமாக வாயே திறக்காத ஆள் என்றால் கதை வேறு. ஒன்பது ஜோடி முதல் ஏஸ் ஜோடி வரை, அவற்றோடு ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி. இவற்றோடு மட்டுமே தள்ளுவார் என்று கொள்வோம். உங்கள் கையில் இரண்டு ராணி இருப்பதால் மிச்சச் சீட்டுகளில் இவை அமையும் வழிகளை எண்ணலாம். ஒன்பது, பத்து, ஜாக் ஜோடிகள் 18 வழி. அவற்றை நீங்கள் 81 சதவீதம் வெல்வீர்கள். ராஜா, ஏஸ் ஜோடிகள் 12 வழி; அங்கே உங்களுக்கு 18 சதவீதம்தான். ஏஸ்-ராஜா 16 வழி, ஜெயிக்கும் வாய்ப்பு 56. ஏஸ்-ராணி 8 வழி, சுமார் 69. மற்ற இரண்டு ராணிகளும் அவரிடமே இருக்க ஒரே வழி, அது சரிபாதி.

மொத்தம் 55 வழிகள். சராசரி எடுத்தால் சுமார் 58 சதவீதம் வருகிறது. தேவையோ 65. கவிழ்த்துவிடுங்கள். இதே ஆளுக்கு எதிராக ராஜா ஜோடி 69 சதவீதம் வரும், அதற்குக் கால் சொல்லலாம்.

படி 4: சாகக் கிடப்பவர் யாராவது இருக்கிறாரா?

அந்த ராஜா ஜோடியையும் கவிழ்க்க வேண்டிய நேரம் வரும். சிப் சமமாக இல்லாமல் உங்களிடம் 6,000, தள்ளியவரிடம் 6,000, மூன்றாமவரிடம் 7,000, நான்காமவரிடம் வெறும் 1,000 இருக்கட்டும். இப்போது உங்கள் அடுக்கு 303 டாலர் பெறும். ஜெயித்து 12,000 ஆனால் 415. எல்லை 73 சதவீதத்துக்கு ஏறிவிட்டது. 69 போதாது. அந்த 1,000 சிப்காரரை அடுத்த சில சுற்றுகளில் பிளைண்டே விழுங்கிவிடும். அவருக்கு முன்னால் நீங்கள் போய் விழுவானேன்?

தள்ளியவரைவிட உங்களிடம் சிப் அதிகம் என்றால் எல்லை இறங்கும், ஏனென்றால் தோற்றாலும் நீங்கள் வெளியேற மாட்டீர்கள்.

மேசையில் உட்கார்ந்து இந்தப் பெருக்கல் வகுத்தல் எல்லாம் யாராலும் முடியாது. வீட்டில் நான்கு அடுக்காகப் புளியங்கொட்டைகளை வைத்து, அடுக்குகளை மாற்றி மாற்றிக் காகிதத்தில் போட்டுப் பழகுங்கள். இணையத்தில் பணம் கட்டிப் பழகும் எண்ணம் வேண்டாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது.

ஏஸ் ஜோடியையும் கவிழ்க்கும் இடம்

சேட்டிலைட் என்பது பெரிய போட்டிக்கு நுழைவுச்சீட்டைப் பரிசாகத் தரும் சிறு போட்டி. 2003இல் கிறிஸ் மணிமேக்கர் இணையத்தில் இப்படி ஒன்றில் ஜெயித்துத்தான் லாஸ் வேகாஸின் உலகப் போக்கர் தொடருக்கு, 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் கொண்ட முதன்மைப் போட்டிக்குப் போனார். அதிலும் ஜெயித்து 25 லட்சம் டாலர் பெற்றார். சேட்டிலைட்டில் முதலிடத்துக்கும் கடைசி நுழைவுச்சீட்டுக்கும் ஒரே மதிப்பு. கூடுதல் சிப்பால் காலணாப் பயனில்லை.

ஒன்பது நுழைவுச்சீட்டு, பத்துப் பேர். சிப் கணக்கில் நீங்கள் இரண்டாவது. ஒருவரிடம் அரை பிக் பிளைண்டுதான் மிச்சம். முதலிடத்தில் இருப்பவர் ஆல்-இன் தள்ளுகிறார், உங்களுக்கு ஏஸ் ஜோடி. அவரிடம் எந்தச் சீட்டு இருந்தாலும் சரி என்று கொண்டால் நீங்கள் ஜெயிக்கும் வாய்ப்பு 85 சதவீதம். சும்மா இருந்தால் நுழைவுச்சீட்டு கிட்டத்தட்ட உறுதி. ஏஸ் இரண்டையும் கவிழ்த்துவிட்டு விலகிவிடுங்கள், யாருக்கும் காட்டாமல். காட்டினால், பெரிய அடுக்கு வைத்திருப்பவர்கள் அடுத்த கையிலிருந்தே உங்கள் பிளைண்டைத் தினமும் பால் கறப்பது போலக் கறந்துகொண்டு போவார்கள்.