வண்டூர் கடல்சார் தேசியப் பூங்கா: விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்

அந்தமானுக்குப் போக நினைக்கும் சென்னைவாசிகளில் பலர், விமானக் கட்டணம் குறைந்திருக்கும் நாளாகப் பார்த்துச் சீட்டு எடுத்துவிட்டு, ஸ்ரீ விஜயபுரத்தில் (முன்பு போர்ட் பிளேர்) இறங்கிய பிறகே எந்தத் தீவு திறந்திருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்குகிறார்கள். மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும்: முதலில் பூங்காவின் நாட்காட்டி, அடுத்து வனத்துறையின் அனுமதிச் சீட்டு, அதற்குப் பிறகே விமானமும் விடுதியும்.

தெற்கு அந்தமானில் உள்ள வண்டூரை அடுத்து 281.5 சதுர கிலோமீட்டர் பரப்பில் 15 தீவுகளைக் கொண்டு 1983இல் அமைக்கப்பட்ட இந்தப் பூங்காவில், பயணிகள் கால் வைக்கக்கூடியவை ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்ற இரண்டு தீவுகள் மட்டுமே. அவையும் ஒரே காலத்தில் திறந்திருப்பதில்லை. பவளப்பாறைகளுக்கு ஓய்வு கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பொதுவாக நவம்பர் முதல் மே மாத நடுப்பகுதி வரை ஜாலி பாயும், எஞ்சிய மாதங்களில் ரெட் ஸ்கின்னும் திறக்கப்படுகின்றன. திங்கட்கிழமை விடுமுறை. சனிக்கிழமை போய்ச் செவ்வாய்க்கிழமை திரும்பும் வழக்கமான நீண்ட வார இறுதித் திட்டத்தை இதில் பொருத்திப் பாருங்கள்: சனி இறங்குவதில் போய்விடும், திங்கள் பூங்கா இல்லை, கையில் மிஞ்சுவது ஞாயிறு ஒன்றுதான், அன்று கடல் கொந்தளித்துப் படகு நிறுத்தப்பட்டால் அதுவும் இல்லை. ஆகவே செவ்வாயிலிருந்து வெள்ளிக்குள் ஒரு நாளைப் பூங்காவுக்கு ஒதுக்கி, அதற்கு அடுத்த நாளையும் காலியாக விட்டுவைப்பது நல்லது. நாளொன்றுக்கு அனுமதிக்கப்படுவோர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு என்பதாலும், அனுமதிச் சீட்டு வேறு, படகுக் கட்டணம் வேறு என்பதாலும் இரண்டையும் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ள வேண்டும். தீவில் கைபேசிச் சமிக்ஞையை நம்ப முடியாது. அனுமதிச் சீட்டையும் ஆதார் அட்டையையும் தாளிலேயே எடுத்துச் செல்லுங்கள்.

மீனம்பாக்கத்திலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலும் உண்டு, ஆனால் மாதத்தில் சில நடைகள்தான். ஏறக்குறைய மூன்று நாள் கடலிலேயே கழியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானால் கப்பல் தாமதமாகலாம் என்பதால், விடுப்பை எண்ணிக் கொண்டிருப்பவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

நம்மவர்கள் மறந்துவிடும் இன்னொரு செய்தி பொழுது. கடிகாரம் இந்திய நேரத்தையே காட்டினாலும், அந்தமான் நமக்குக் கிழக்கே 12 பாகைக்கு மேல் தள்ளியிருப்பதால் அங்கே சூரியன் முக்கால் மணி நேரத்துக்கும் மேலாக முந்திக்கொள்கிறது; டிசம்பரில் மாலை ஐந்து மணி அளவிலேயே சூரியன் மறைந்துவிடும். வண்டூர்ப் படகுகளும் காலையிலேயே புறப்பட்டுவிடும். நகரத்திலிருந்து படகுத்துறை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் என்பதால், விடுதியில் காலைச் சிற்றுண்டி தொடங்கும் வரை காத்திருந்தால் படகு கிடைக்காது.

உணவும் கையோடு போக வேண்டும், ஏனெனில் தீவில் கடை கிடையாது, இரவில் தங்கவும் அனுமதி இல்லை. இங்கேதான் சிக்கல். படகுத்துறையில் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். நெகிழிப் பொருள்களுக்குப் பூங்காவில் தடை. நாங்கள் போன அன்று எங்கள் பையிலிருந்து முதலில் வெளியே வந்தது பிஸ்கட் பாக்கெட். அடுத்தது, வாழையிலை என்று நம்பி வாங்கிய இட்லிப் பொட்டலம், அதன் உள்ளே மெல்லிய பாலிதீன் தாள். பிஸ்கட்டை எல்லாம் ஒரு எவர்சில்வர் டப்பாவில் கொட்டிக்கொண்டு போனோம். ரயிலுக்குப் புளியோதரை கட்டிய தலைமுறையின் பழக்கமே இதற்குச் சரியான வழி: தூக்குப் பாத்திரம், எவர்சில்வர் தண்ணீர்ப் பாட்டில், துணிப்பை. தண்ணீரை நெகிழிப் பாட்டிலில் எடுத்துச் செல்ல வேண்டியிருந்தால் முன்பணம் கட்டி, திரும்பும்போது காலிப் பாட்டிலைக் காட்டி அதைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

ஜாலி பாயில் பெரிய படகு கரையை ஒட்டி நிற்பதில்லை. அடிப்பகுதியில் கண்ணாடி பதித்த சிறு படகுக்கு மாறி இறங்க வேண்டும். முட்டிவலி உள்ள பெரியவர்கள் இந்த மாற்றத்தை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. கண்ணாடி வழியே தெரியும் பவளம் விளம்பரப் படங்களில் உள்ள நிறத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2010இல் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறியதால் அந்தமான் பவளப்பாறைகள் பெருமளவில் வெளிறின, பழுப்பும் சாம்பலுமான திட்டுகளை இன்றும் பார்க்கலாம். நீரில் இறங்குவோர் பாறைமீது கால் ஊன்றக் கூடாது. வெயிலுக்குக் களிம்பு பூசுவதைவிட முழுக்கைச் சட்டை மேல். வண்டூர்க் கடற்கரையில் உப்புநீர் முதலைகளின் நடமாட்டம் உண்டு. எச்சரிக்கைப் பலகைக்கு அப்பால் குளிக்க வேண்டாம்.

குழந்தைகள் பொறுக்கிய சங்கையும் பவளத் துண்டையும் படகு ஏறுமுன் கரையிலேயே போடச் சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பவளத்தை எடுத்துச் செல்வது குற்றம், விமான நிலையச் சோதனையில் பையைப் பிரிக்கும்போது குழந்தை எடுத்தது என்ற சமாதானம் எடுபடாது.