காரைக்குடிக்கு ஒரு மதியம் போதாது: செட்டிநாட்டுப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“திருச்சியிலிருந்து ராமேஸ்வரம் போகிற வழிதானே, காரைக்குடியில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு நாலு வீட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடலாமா?” வருஷத்துக்கு ரெண்டு மூன்று பேராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தேன். பிள்ளையார்பட்டியில் நடை சாத்தியாகிவிட்டது, நாலு மணிக்குத்தான் திறப்பார்கள் என்றார்கள். கானாடுகாத்தானில் பூட்டிய கதவுகளைப் படம் பிடித்தேன். நாக்கு எரிய ஒரு சிக்கன் வறுவலைத் தின்றுவிட்டுப் பஸ் ஏறினேன். செய்யக்கூடிய தப்பு அத்தனையையும் ஒரே மதியத்தில் செய்து முடித்திருந்தேன் என்பது அப்புறம் நாலைந்து தடவை போன பிறகுதான் உறைத்தது.

செட்டிநாடு என்றால் காரைக்குடி என்று நினைப்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஊர்கள் ஒரு காலத்தில் 96 என்பார்கள். இன்றைக்கு எழுபத்துச் சொச்சம் இருக்கின்றன, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் சிதறிக்கிடக்கின்றன. 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் ஏறியதும் ஊர்த்தொகுப்பாகத்தான், ஒற்றை ஊராக அல்ல. கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று ஒவ்வொன்றுக்கும் அரை நாளாவது கொடுக்க வேண்டும். இரண்டு இரவு தங்குங்கள். மார்கழி, தை மாதங்கள் சுகம். சித்திரை, வைகாசியில் போகிறவர்களை நான் தடுப்பதில்லை. மதியம் வெளியே தலைகாட்டாமல் இருந்துகொள்ளட்டும்.

அடுத்தது நகரத்தாரின் பெரிய வீடுகள். “டிக்கெட் வாங்குகிறோம் சார், திறந்துவிடுங்கள்” என்று காவல்காரரிடம் மல்லுக்கு நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் என்ன செய்வார் பாவம். ஒரு வீட்டுக்குப் பத்து, இருபது பங்காளிகள் இருப்பார்கள். கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் அங்கே ஒரு ‘புள்ளி’. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற அத்தனை புள்ளிகளும் கல்யாணத்துக்கோ, அறுபதாம் கல்யாணத்துக்கோ, முன்னோருக்குப் படைப்பு வைக்கவோதான் ஒன்றுகூடுவார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டுதான். 1912-ல் கட்டிய கானாடுகாத்தான் அரண்மனைகூட இன்றும் ஒரு குடும்பத்தின் சொந்த வீடு, அருங்காட்சியகம் இல்லை. ஆத்தங்குடி பெரிய வீடு மாதிரிச் சில வீடுகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். அவற்றை நிதானமாகப் பார்த்தாலே போதும். செருப்பை வாசலிலேயே விட்டுவிடுங்கள்.

உள்ளே போனதும் வழிகாட்டுகிறவர் பர்மாத் தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலி மார்பிள் என்று ஒப்பிப்பார். அதைக் கேட்டுக்கொண்டே அண்ணாந்து நின்றுவிடுவது சுலபம். நான் சொல்வது, முன் நிலைவாசலில் நின்று நேரே பாருங்கள். முகப்பு, நடுமுற்றமான வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வாசலுக்குள் வாசலாகப் போய்ப் பின்கதவில் முடியும். அந்தக் கதவைத் திறந்தால் அடுத்த தெரு. வளவின் நாலு பக்க ஓட்டுச் சரிவிலிருந்தும் மழை எங்கே விழுந்து எங்கே ஓடுகிறது என்று கண்ணால் தொடருங்கள். வீட்டுத் தண்ணீர் தெருக் கால்வாய்க்கும் அங்கிருந்து ஊருணிக்கும் போகிற கணக்கு அது. தண்ணீர் இல்லாத சீமையில் வீடு கட்டினவர்களின் புத்தி தேக்குத் தூணில் தெரிவதைவிட அந்தத் தண்ணீர்க் கணக்கில்தான் எனக்குத் தெரிகிறது.

சாப்பாட்டு விஷயத்தில் நடக்கிற தப்பு ஊர் முழுக்கப் போர்டு மாட்டிக்கொண்டிருக்கிறது. செட்டிநாடு என்றால் காரம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள், ஹைவே ஓட்டல்கள் மிளகாய்த்தூளை அள்ளிக்கொட்டிப் பேரை வாங்கிக்கொண்டன. கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ, சோம்பு இவற்றின் வாசனைதான் அந்தச் சமையலின் முதுகெலும்பு. காரம் அதற்குப் பின்னால் வரவேண்டியது. அதைவிடப் பெரிய இழப்பு, கோழியையே சுற்றிவந்துவிட்டு டிபனைத் தவறவிடுவது. அரிசி களைந்த தண்ணீரில் செய்கிற மண்டி, கருப்புக் கவுனி அரிசி இனிப்பு, கந்தரப்பம், ஆடிக்கூழ் இதெல்லாம் சாலையோர மெனுவில் இருக்காது.

வெள்ளைப் பணியாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆழாக்குப் பச்சரிசியைத் தலை தட்டி அளந்து, அதன் மேலேயே கோபுரமாக நிற்கிற அளவு உளுந்து வைத்துக்கொள்வார்கள். தராசும் கிராமும் கிடையாது, அந்தக் கோபுரம்தான் அளவு. ரெண்டையும் ஊறவைத்து வெண்ணெயாக ஆட்டி, கொஞ்சம் பால், உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்த்து, புளிக்கவிடாமல் ஒவ்வொரு கரண்டியாக எண்ணெயில் விடுவார்கள். மாவு புளித்தால் எண்ணெய் குடிக்கும். விட்ட மாவு அடியில் போய், ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் தானாக மேலே வந்து உப்பும். நிறம் மாறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். அதை வரமிளகாய்த் துவையலோடு ஏழரை மணிக்குச் சாப்பிட வேண்டும். பதினோரு மணிக்குப் போய்க் கேட்டால் தோல் மாதிரிதான் கிடைக்கும். இலைச் சாப்பாட்டுக்கு காரைக்குடி ‘தி பங்களா’ விடுதி மாதிரி இடங்களுக்குப் போவதென்றால் முந்தின நாளே சொல்லிவைத்துவிடுங்கள். திடீரென்று போய் நின்றால் இருக்கிறதைத்தான் போடுவார்கள், அதற்கு அவர்களைக் குறை சொல்வதும் நியாயமில்லை.

இனி என் கை சுட்ட இடம். முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். ஒரு கடையில் நீல விளிம்பு வைத்த எனாமல் டிபன் கேரியர் ஒன்று கண்ணைப் பறித்தது. “சுவீடன் சரக்கு சார், ஆச்சி வீட்டு வரிசையில வந்தது.” அந்த ஊர்க் கல்யாணச் சீர்வரிசைப் பட்டியல்களில் சுவீடன், செக்கோஸ்லோவாகியா, ஜப்பான் எனாமல் இருந்தது உண்மைதான், அதனால் நம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து மேல் தட்டில் சூடாக ரசம் ஊற்றினேன். சாப்பிடுகிற நேரத்தில் ரசத்தில் வெள்ளையாக ஏதோ மிதந்தது. எனாமல் பெயர்ந்த இடத்தில் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கேரியரை எடுத்துப்போய் மணி பிளான்ட் வைத்துவிட்டாள்.

ஆகவே வாங்குமுன் தட்டைக் கவிழ்த்து அடி முத்திரையைப் பாருங்கள். உள்பக்கத்தை நகத்தால் சுரண்டுங்கள். எனாமல் கண்ணாடி, நகத்துக்கு அசையாது, பெயிண்ட் அசையும். விளிம்பில் ஒன்றிரண்டு இடம் பெயர்ந்து கறுப்பாக இரும்பு தெரிந்தால் பயப்பட வேண்டாம், வயசானதன் அடையாளம் அது. குறையே இல்லாமல் பளபளவென்று இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அசலாகவே இருந்தாலும் அலமாரியில் வைக்க மட்டும் வாங்குங்கள். பழைய எனாமல் நிறங்களில் காரீயமும் காட்மியமும் இருப்பதுண்டு, புளி சேர்ந்த எதையும் அதில் வைக்கக்கூடாது. வெள்ளீயம் பூசாத பித்தளைக்கும் புளி ஆகாது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தூண், கதவு என்று கண்டெய்னர் அளவுக்கு ஆசைப்படுவார்கள். 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வேலைப்பாடுகளைத் தனியார் நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையின் சான்று வாங்காமல் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அப்புறம் தவிக்கக்கூடாது. அது தவிர, கடையில் சாய்த்துவைத்திருக்கிற ஒவ்வொரு தூணும் எங்கேயோ ஒரு வீடு இடிந்த கணக்கு. நான் தூண் வாங்குவதில்லை. டம்ளர், தூக்கு, மரப்பெட்டி வரைக்கும் சரி.

புதிதாக வாங்குவதுதான் எனக்குப் பிடித்த வழி. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலை ஒன்று, பனையோலைக் கொட்டான் கூடை ரெண்டு, மனகோலம் என்கிற இனிப்பு ஒரு பொட்டலம். வீடு கட்டுகிறவர்களாக இருந்தால் தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்.

இந்தக் கல்லைச் சுடுவது கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு. கரைத்த கலர் சிமெண்டைச் சின்னக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சை அசங்காமல் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துகிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறல். எடுத்துக் காயவைத்துக் கண்ணாடியை உரித்தால், கண்ணாடியின் பளபளப்பு கல்லுக்கு வந்திருக்கும். கையால் ஊற்றுவதால் ரெண்டு கல் ஒன்று போல இருக்காது. “டிசைன் நேராக இல்லையே” என்று திருப்பிக் கொடுப்பவர்கள் மெஷின் டைலே வாங்கியிருக்கலாம். இன்னொரு தப்பு, பதித்து முடித்ததும் சிமெண்டுக் கறை போக ஆசிட் ஊற்றுவது. மேல்பூச்சு அரித்துப்போய்க் கல் செத்துவிடும். தினம் ஈரத்துணியால் துடைத்து, அவ்வப்போது துளி தேங்காய் எண்ணெய் போட்டு, வெறுங்காலோடு நடந்தால் போதும், வருஷம் ஏற ஏற மின்னும். கணக்குக்கு மேல் இருபது கல் சேர்த்தே வாங்கிவையுங்கள். ஒன்று உடைந்து ரெண்டு வருஷம் கழித்துப் போய்க் கேட்டால், அதே அச்சு கிடைக்கும், அதே சிவப்பு கிடைக்காது.