காயக்காரரைப் பார்க்கப் போக நினைக்கும் பிள்ளைகளுக்கு

படையில் முன்னரங்க மருத்துவ உதவியாளராக வேண்டும், அதற்கு என்ன படிக்க வேண்டும் என்று வெளிநாட்டில் இருக்கிற மருமக்களும் கேட்கிறார்கள், முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் என் முதலுதவி வகுப்புக்கு வருகிற பிள்ளைகளும் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உன் எடையுள்ள ஒருவரைத் தோளில் போட்டுக்கொண்டு வயல் வரம்பில் 200 மீட்டர் போவாயா? மருந்துகளின் பெயர்களைப் பிறகு பாடமாக்கலாம். தூக்க ஏலாதவருக்கு இந்த வேலை சரிவராது.

1997–98இல் இலங்கைப் படை வன்னியில் நடத்திய ஜெயசிக்குறு சண்டைக் காலத்தில், மாங்குளத்துப் பக்கக் காடுகளில் நான் இதைப் பழகினேன். சாரத்துக்குள் இரண்டு தடிகளைச் செருகினால் ஸ்ட்ரெச்சர். ஒரு சாரம் போதாது, இரண்டு வேண்டும். ஒன்றோடு தூக்கினால் இடுப்பு தொய்ந்து, தொடை எலும்பு முறிந்தவர் உயிர் போகிற மாதிரிக் கத்துவார். ஆகவே ஓட்டத்திலும் தூக்குவதிலும் தொடங்குங்கள். நான்கு பேராகச் சேர்ந்து, இரவிலும் மழையிலும் ஒருமுறையாவது தூக்கிப் பாருங்கள்.

அப்புறம் ஒழுங்கு. இன்று பல நாட்டுப் படைகள் பின்பற்றும் முறை, அமெரிக்கப் படை மருத்துவர்கள் 1996இல் எழுதி வெளியிட்டதிலிருந்து வளர்ந்தது. துப்பாக்கிச் சூடு நடக்கும்போது செய்ய வேண்டியது மிகக் குறைவு: தானாக ஊர்ந்து வரக்கூடியவரை ஊர்ந்து வரச் சொல்வது, வர முடியாதவரை மறைவுக்கு இழுப்பது, கை காலில் பீறிடும் ரத்தத்துக்கு இறுக்குப்பட்டி போடுவது. மறைவுக்கு வந்த பிறகுதான் மற்றவை: முதலில் பெரிய ரத்தப்போக்கு, பிறகு மூச்சுவழி, பிறகு நெஞ்சு, பிறகு நாடித்துடிப்பு, கடைசியாக உடம்பு குளிர்வதும் தலைக்காயமும். இந்த வரிசை நித்திரையிலும் வாயில் வர வேண்டும். மிக மோசமாகத் தெரிகிற காயத்துக்குத்தான் கண் முதலில் போகும். ஆளைக் கொல்லப்போவது பெரும்பாலும் அதுவல்ல, முதுகுப் பக்கமோ கவட்டிலோ மறைந்திருக்கும் இன்னொன்று. உடுப்பை வெட்டி, உடம்பு முழுதையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும்.

டூர்னிக்கே என்ற அந்த இறுக்குப்பட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காயத்துக்கு மேலே 5 முதல் 7 சென்ரிமீட்டர் தள்ளிப் போடுங்கள். முழங்கால், முழங்கை மூட்டின் மேல் போடக் கூடாது. ரத்தம் நிற்கும்வரை பட்டியில் உள்ள தடியை முறுக்குங்கள். ஆள் அழுவார், உங்களைத் திட்டுவார், அவிழ்க்கச் சொல்லிக் கெஞ்சுவார். அவிழ்க்க வேண்டாம். அரைகுறையாக இறுக்கிய பட்டிதான் ஆபத்து: உள்ளே போகும் ரத்தம் போய்க்கொண்டிருக்கும், திரும்பி வரும் ரத்தம் மட்டும் தடைப்படும், ரத்தப்போக்கு இன்னும் கூடும். போட்ட நேரத்தை நெற்றியிலோ பட்டியிலோ பேனாவால் எழுதுங்கள். 2 மணி நேரத்துக்குள் டொக்டரிடம் போய்ச் சேர்ந்தால் கை காலுக்குப் பெரும்பாலும் சேதம் வராது. பட்டி இல்லாவிட்டால் அகலமான துணியும் உறுதியான தடியும் எடுங்கள். கம்பி, மீன்பிடி நூல், செருப்பு வார் எல்லாம் வேண்டாம், சதையையும் நரம்பையும் நசுக்கிவிடும்.

கண்ணைக் கட்டிக்கொண்டு, கையில் தேங்காயெண்ணெய் பூசி, இடது கையால் உங்கள் வலது காலுக்கே போட்டுப் பழகுங்கள். ரத்தம் அப்படித்தான் வழுக்கும்.

கவட்டிலும் கமக்கட்டிலும் பட்டி பிடிக்காது. அங்கே காயத்துக்குள் துணியைத் திணிக்க வேண்டும். வகுப்பில் இதற்கு வாழைத்தண்டுதான். இரண்டு விரல் ஆழத்துக்குத் துளை போட்டு, நீளமான கோஸ் துணியை அடியிலிருந்து விரலால் அமுக்கி அமுக்கி நிரப்பச் சொல்வேன். முதல்முறை எல்லோரும் மேலாகத்தான் அடைப்பார்கள், அடி வெறுமையாக இருக்கும். நிரப்பிய பின் உடம்புப் பாரம் முழுதையும் கையில் போட்டு 10 நிமிடம் அழுத்துங்கள். நடுவில் தூக்கிப் பார்க்கிற ஆசைதான் எல்லாரையும் கெடுப்பது.

வன்னி வெயிலில் குளிரா என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். ரத்தம் போன உடம்பு வெயிலிலும் குளிரும், குளிர்ந்த உடம்பில் ரத்தம் சரியாக உறையாது. மேலே மட்டும் போர்த்தினால் காணாது, கீழேயும் விரிக்க வேண்டும். இன்னொன்று, அரை மயக்கத்தில் இருப்பவரின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். எங்கள் சனம் பாசத்தில் ஊற்றிவிடும். அது மூச்சுக்குழலுக்குள் போகும். மயங்கியவரைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள். பாம்பு கடித்தவருக்கு இறுக்குப்பட்டி போடவே வேண்டாம். புடையன் (கண்ணாடி விரியன்) கடி என்றால் காலுக்கு இரட்டைக் கேடு. அசையாமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

துவக்குச் சத்தமே இந்த வேலை முழுதும் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். பெரும்பாலான நாட்களில் பார்ப்பது வயிற்றோட்டம், காய்ச்சல், ஈரச் சப்பாத்துக்குள் வெந்துபோன பாதங்கள். எங்கள் காலத்தில் மலேரியாவும் இருந்தது (2016இல்தான் இலங்கை மலேரியா இல்லாத நாடென்று உலக சுகாதார அமைப்பு அறிவித்தது). கொதித்தாறிய தண்ணீர் குடிக்க வைப்பதும், கால்விரல் இடுக்கைப் பார்ப்பதும் உங்கள் வேலை. அலுப்பானதுதான். ஆனால் ஆட்களை நடமாட வைப்பது அதுதான்.

சட்டத்தையும் படியுங்கள். 1949 ஜெனீவா உடன்படிக்கைகளின்படி காயப்பட்டவர் எந்தப் பக்கத்தவர் என்று பார்க்கக் கூடாது, யாருக்கு அவசரம் கூடவோ அவருக்குத்தான் முதலிடம். மருத்துவப் பணியாளரைத் தாக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது. எழுதியிருப்பதும் நடப்பதும் ஒன்றல்ல என்பது வன்னியில் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் முதல் விதி உங்கள் கையில் இருக்கிறது.

சேரும் வழி நாட்டுக்கு நாடு வேறு. அக்காவின் மகன் போக நினைக்கிற அமெரிக்க இராணுவத்தில் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும், தகுதித் தேர்வில் நல்ல புள்ளி வேண்டும். 10 வார அடிப்படைப் பயிற்சி முடிந்து, டெக்சாஸ் சான் அன்டோனியோவில் ஃபோர்ட் சாம் ஹூஸ்டனில் 16 வாரம் மருத்துவப் பயிற்சி. அதில் அந்நாட்டு அவசர மருத்துவ உதவியாளர் சோதனையிலும் தேற வேண்டும். 17 வயதில் பெற்றோர் கையெழுத்தோடு எடுப்பார்கள். நான் கையெழுத்து வைக்க விடமாட்டேன். 18 ஆகட்டும். இந்த மண்ணில் இருந்துகொண்டு வேறு மாதிரிச் சொல்ல என்னால் முடியாது.

இங்கேயே இருப்பவர்களுக்குச் சீருடை இல்லாமலும் இதே வேலை இருக்கிறது. 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்குக்கு வந்தது, அதில் அவசர மருத்துவ உதவியாளர்கள் வேலை செய்கிறார்கள். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் அணிகளோடும் மருத்துவ உதவியாளர் நிற்பார். மிதிவெடிக் காயத்தைக் கையாளும் அவருடைய பாடமும் படைக்காரரின் பாடமும் பெரிதாக வேறல்ல. செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவி வகுப்பில் தொடங்குங்கள்.

கடைசியாகப் பை. இறுக்குப்பட்டியை வெளிப்பக்கத்தில், இரு கைக்கும் எட்டுகிற இடத்தில் வையுங்கள். கோஸ், பண்டேஜ், கையுறை உள்ளே. பாவித்ததை அன்றைக்கே நிரப்புங்கள். கத்திரிக்கோலை நூல் போட்டுப் பையோடு கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது நகம் வெட்ட இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.