மெடிக்கல் ஷாப்ல பில்லிங் சாஃப்ட்வேர் மாத்தப் போறீங்களா?

ஏப்ரல் 1 அன்னிக்கு மாத்துங்க, புது நிதியாண்டு, பில் நம்பரும் புது சீரிஸ்ல ஆரம்பிக்கலாம் (ஜிஎஸ்டி பில் நம்பர், எழுத்து, எண், குறி எல்லாம் சேத்து 16-ஐத் தாண்டக்கூடாது). ஆனா மார்ச்லயே வேலைய ஆரம்பிச்சிடணும். பழைய ஸ்டாக் லிஸ்ட்ட அப்படியே ஏத்தாதீங்க, ரேக் ரேக்கா எண்ணி பேட்ச், எக்ஸ்பயரி, எம்ஆர்பி மூணையும் பாருங்க, ஏன்னா ஒரே பாராசிட்டமால் ரெண்டு பேட்ச்ல ரெண்டு விலைல இருக்கும், அதை ஒண்ணா சேத்துட்டா எக்ஸ்பயரி ஸ்டாக்க திருப்பி அனுப்புறப்ப கணக்கு உதைக்கும். கவுன்டர் பசங்கள கூட்டமில்லாத நேரத்துல டெமோ பில் போட வைங்க, சேல்ஸ் ரிட்டர்ன் (வித்த மருந்த கஸ்டமர் திருப்பிக் கொடுத்தா போடுற என்ட்ரி) கண்டிப்பா பழக்கணும், அங்கதான் முழிப்பாங்க. மார்ச் 31 ராத்திரி கடை மூடினதும் பேக்கப் எடுத்து, வேற கம்ப்யூட்டர்ல திறக்குதான்னு பாத்துட்டுதான் வீட்டுக்குப் போகணும். பழைய சாஃப்ட்வேர உடனே தூக்கிடாதீங்க, மார்ச் மாச ஜிஎஸ்டி கணக்கு அதுலதான இருக்கு.